பாடகர் இல்லாத பாட்டுகளும் எங்கள் அம்மாவும்

அம்மா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அம்மாவைத் தர்மபுரத்து மிளகாய்த் தோட்டத்தில் குனிந்த தலையோடு கண்டிருப்பீர்கள். சிலர் எங்கள் வீட்டுப் பந்தலின் கீழ் அவர் ஆற்றித் தந்த தேநீரைக் குடித்திருப்பீர்கள். திவசத்துக்குச் சொல்லப் போன வீடுகளில் எல்லாம் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "பிள்ளை, அந்தக் கிற்றார் ரெக்கோட் கதையையும் எழுதுறியளோ?" எழுதுகிறேன். அதை விட்டுவிட்டு அம்மாவின் வாழ்க்கையை என்னால் எழுத முடியாது.

நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அம்மா பிறந்தார். கூடப் பிறந்தவர் ஒரே ஒரு தம்பி, எங்கள் மாமா. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துக் காலமானதால், மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அம்மாதான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. கூடை கட்டிக் கொழுந்து பறிக்கப் போகும் வயதில், துரை பங்களாவில் பிள்ளை பார்க்கும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது.

துரையின் மனைவி ஒரு இசைப் பைத்தியம். கடல் கடந்து அவருக்கு இசைத்தட்டுகள் பார்சலில் வரும். ரொக் அன் ரோல் என்ற ஆட்டப்பாட்டு மேல்நாட்டில் புதிதாகப் பிறந்திருந்த காலம் அது. அவற்றில் பெரும்பாலானவற்றில் யாராவது பாடுவார்கள். ஆனால் துரைசாணி விரும்பிச் சேர்த்தவை யாருமே பாடாத தட்டுகள். இரண்டு மூன்று மின்சாரக் கிற்றார்கள், ஒரு டிரம், அவ்வளவுதான். பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் கிற்றார் நிற்கும். பங்களாப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். எனவே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டை மாற்றி மாற்றி வைத்து, பல வருடங்கள் அம்மா அவற்றைக் கேட்டார்.

தட்டின் நடுவில் இருக்கும் ஆங்கிலம் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே அவரே பெயர் வைத்தார். தடித்த நரம்புகளில் பதுங்கிப் பதுங்கி வருவது 'கள்ளன் நடை'. தாளம் குளம்படி போல ஓடுவது 'குதிரை'. ஒரே நரம்பை மேலும் கீழுமாக இடைவிடாமல் தட்டி, உச்சியிலிருந்து சடசடவென்று சரிந்து இறங்குவது 'அலை'. அம்மா அப்போது கடலைக் கண்டதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவை அம்மா மணந்தார். நானும் தம்பியும் பிறந்தோம். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் அப்பா போய்விட்டார். துரை குடும்பம் நாட்டை விட்டுப் புறப்பட்ட அன்று, துரைசாணி அம்மாவை அழைத்து, பற்றரியில் ஓடும் சூட்கேஸ் போன்ற ரெக்கோட் பிளேயரையும் ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் கொடுத்தார். "என்னைவிட நீதான் நல்லாக் கேட்டது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாராம். அம்மாவுக்கு யாரும் கொடுத்த பாராட்டுகளில் அதையே அவர் பெரிதாக வைத்திருந்தார்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் லயம் எரிந்தது. மாமா குடும்பமும் நாங்களுமாக ஒரு லொறியில் ஏறினோம். எல்லோரும் துணி மூட்டையோடு ஏற, அம்மா ஒரு கையில் பிளேயரும் மறு கையில் தகரப் பெட்டியுமாக வந்து நின்றார். மாமாவுக்குக் கோபம் தாங்கவில்லை.

"உசிரக் காப்பாத்த ஓடுறப்போ இது என்னத்துக்குக்கா?"

"துணிய எங்கயும் வாங்கிக்கலாம்டா. இத எங்க போயி வாங்குறது?"

லொறி வன்னிக்கு வந்து சேரும்வரை அந்தப் பெட்டி அம்மாவின் மடியைவிட்டு இறங்கவில்லை.

தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடிசை போட்டோம். தேயிலை தவிர வேறு பயிர் அறியாத எங்களுக்கு மிளகாயும் உளுந்தும் போடக் காட்டித் தந்தவர்கள் அயலவர்கள். கிணறு வெட்டும்வரை, "கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ, வந்து அள்ளுங்கோ" என்று தங்கள் வேலிப் படலையைத் திறந்து வைத்த பக்கத்து வீட்டு அக்காவின் முகம் என் கண்ணுக்குள் நிற்கிறது. வேலை முடிந்த பின்னேரங்களில், பற்றரி இருக்கும் நாட்களில், அம்மா ஒரு தட்டை வைப்பார். ஒன்றே ஒன்றுதான். பிறகு பிளேயரை மூடிவிட்டு அடுப்பு மூட்டுவார்.

அடுத்த மாரியில் குடிசைக் கூரை ஒழுகித் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. மழை விட்டு வெயில் அடித்த நாளில், சாக்கு விரித்துக் காயப்போட்ட செத்தல் மிளகாயின் பக்கத்திலேயே அம்மா தட்டுகளையும் பரப்பிவிட்டுக் களை பிடுங்கப் போனார். மலைநாட்டு வெயிலைத்தான் அவர் அறிந்திருந்தார். வன்னி வெயில் வேறு. மதியம் வந்து பார்த்தபோது தட்டுகள் எல்லாம் பொரித்த அப்பளம் போல நெளிந்து கிடந்தன.

அம்மா குந்தியிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுல இனிமே கொழம்புதான் ஊத்தலாம்" என்றார். நானும் தம்பியும் சிரித்துவிட்டோம். அம்மாவும் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதார். அப்பா இறந்தபோதுகூட எங்களுக்கு முன்னால் அவர் அப்படி அழுததில்லை.

அந்த ஆண்டு பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டப் புளியங்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது கடந்தவர், நெடுத்தவர், சத்தமாகக் கதைக்காதவர். தங்கைமாரைக் கரைசேர்த்ததில் தனக்கென்று கலியாணம் செய்யாமல் விட்டவர். முன்பு கலியாண வீடுகளில் வாத்தியக் கோஷ்டி ஒன்றோடு கிற்றார் வாசித்தவர் என்றும் சொன்னார்கள். அம்மா நெளிந்த தட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவரிடம் போனார். நான் கூடப் போனேன்.

"இது நேராகுங்களா?"

அவர் ஒன்றை எடுத்து, தூசு ஊதி, நடுவில் இருந்ததை வாசித்தார். முகம் மாறிவிட்டது.

"இது உங்களிட்டை எப்பிடி வந்தது?"

"திருடல. குடுத்தாங்க."

"ஐயோ, அப்பிடிக் கேக்கேல்லை, கோவிக்காதேங்கோ. இவையின்ரை ரெக்கோட் ஒண்டை வவுனியாவிலை ஒரு கடையிலை ஒருக்கால் கேட்டனான். பேந்து எத்தினை இடம் தேடியும் கிடைக்கேல்லை."

அம்மா இரண்டொன்றின் பெயரைச் சொல்லிக் கொடுக்க, அவர் தட்டுகளைக் கொண்டுபோனார். இரண்டு யன்னல் கண்ணாடிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக வைத்து, மேலே செங்கல் பாரம் ஏற்றி, இளவெயிலில் சூடாக்கி ஆறவிட்டாராம். சில வாரங்கள் கழித்துத் தன் பழைய ஏ-நாற்பது காரில் எங்கள் படலைக்கு வந்து நின்றார். வேறொருவரின் கன்றுக்குட்டியைக் காரால் இடித்துவிட்டவர் போல அவருடைய முகம் இருந்தது.

"கனக்கச் சரிவரேல்லை. 'கள்ளன் நடை' எண்டு சொன்னியள், அது நல்லாய் வந்திட்டுது. குதிரை கொஞ்சம் நொண்டுது. மற்றது..." என்று நிறுத்தினார். "பச்சை லேபிள் ஒட்டினது வெடிச்சுப் போச்சு. நான்தான் பாரத்தைக் கூட ஏத்திப்போட்டன்."

"அது அலை" என்றார் அம்மா. உடைந்த துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லீங்க. அது எனக்குப் பாடம்" என்றார்.

"பாடமெண்டால்?"

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வாயாலேயே அந்தத் தட்டை ஓடவிட்டார். டிகிடி டிகிடி என்று தொடங்கி, ஏறி, நின்று, சரிந்து இறங்கியது. அவர் கேட்டுக்கொண்டே காருக்குப் போய்த் தன் கிற்றாரை எடுத்து வந்தார். அன்று எங்கள் வீட்டில் மத்தியானச் சமையல் பிந்தியது.

அடுத்த திருவிழாவில் பக்திப் பாட்டு இரண்டுக்கு நடுவே, கோயில் குழாய்களில் 'கள்ளன் நடை' கேட்டது. வயலுக்குள் நின்றவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். கோயில் தலைவர் லவுட்ஸ்பீக்கர் கட்டியவரிடம் ஓடி வந்தார்.

"தம்பி, பாட்டுக்காரன் எங்கை? ரெக்கோட் பழுதோ?"

"பழுதில்லை. இது இப்பிடித்தான், ஆரும் பாடாயினம்."

"கோயிலுக்கு இது சரிவருமோ?"

தண்ணீர்ப் பந்தலில் நின்ற அம்மா பதில் சொன்னார். "அதுல ஒரு கெட்ட வார்த்தகூட இல்லீங்களே. ஒரு வார்த்தயுமே இல்லீங்க."

தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "அதெண்டால் உண்மைதான். அப்ப இருக்கட்டும்."

அதன்பிறகு எங்கள் பக்கத்தில் திருவிழா என்றாலும் விளையாட்டுப் போட்டி என்றாலும், "அந்த ஆள் பாடாத பாட்டைப் போடுங்கோ" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

இதற்கிடையில் உடைந்துபோன 'அலை'யை லவுட்ஸ்பீக்கர் கட்டியவர் அம்மாவின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுக் கிற்றாரில் பிடித்துவிட்டார். விரல் எல்லாம் சரியாக ஓடியது. ஆனாலும் அம்மாவுக்குத் திருப்தி இல்லை.

"ஒண்ணு கொறயுதுங்க. அந்த ரெக்கார்டுல, பக்கத்து ரூமுல யாரோ இருந்து பதில் சொல்ற மாதிரி இருக்கும்."

"எதிரொலியைச் சொல்லுறியள்."

அந்தப் பக்கத்து அறையை அவர்கள் தேடிய கதையைச் சொல்லி நாங்கள் இன்றும் சிரிப்போம். முதலில் ஸ்பீக்கரைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தார்கள். தவளைகள் எல்லாம் சேர்ந்து பதில் சொல்லின. பிறகு மதகுக்குக் கீழே வைத்தார்கள். மாட்டுவண்டி ஒன்று மேலே போய்க் காரியத்தைக் கெடுத்தது. கடைசியில் தண்ணீரூற்று என்ற ஊரில் அரிசி மில் வைத்திருந்த முஸ்லிம் நானா அவருடைய நினைவுக்கு வந்தார். நெல் அவிப்பதற்கு முன் ஊறப்போடும் பெரிய சீமெந்துத் தொட்டிகள் அந்த மில்லில் இருந்தன. வெள்ளிக்கிழமை மில் ஓடாது, தொட்டிகள் வெறுமையாகக் கிடக்கும்.

அம்மா தனியாகப் போகக்கூடாது என்று மாமா கறாராகச் சொன்னதால் நானும் தம்பியும் காரில் ஏறினோம். நானா பள்ளிவாசலில் இருந்து நேரே வந்து மில்லைத் திறந்துவிட்டார். ஒரு தொட்டியின் அடியில் ஸ்பீக்கர், மறு முனையில் கயிற்றில் தொங்கும் மைக், வெளியே கசெட் ரெக்கோடர். அந்த ஸ்பீக்கரின் கடுதாசிக் கூம்பு ஓரத்தில் கிழிந்திருந்தது. அதனால் தடித்த நரம்பு கொஞ்சம் உறுமியது. "அதத் தைக்காதீங்க, அப்படித்தான் இருக்கணும்" என்று அம்மா தடுத்துவிட்டார்.

நானா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "நெல்லு ஊறப்போடுற தொட்டியிலை இண்டைக்குப் பாட்டு ஊறப்போடுறியள் போலை!"

முதல் தடவை காகம் கத்தியது. அடுத்த தடவை தம்பி தும்மினான். பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தபோது எல்லாம் கூடி வந்தது. கிற்றார் சரிந்து இறங்க, தொட்டியின் சுவர்கள் அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. அம்மா தொட்டிச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றித் தலையை உள்ளே நீட்டிக் கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும் நிமிர்ந்து, "இதான்" என்றார்.  அவர் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார். நானா பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும் வழியில் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனோம். அம்மா கடலைக் கண்டது அன்றுதான். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "சரியாத்தான் பேரு வச்சிருக்கேன்" என்றார். நானும் தம்பியும் தண்ணீரில் கால் நனைக்கப் போயிருந்த நேரம், அவர் அம்மாவிடம் கேட்டதைப் பின்னாளில் அம்மாவே எனக்குச் சொன்னார்.

"நீங்கள் ஓம் எண்டால், நான் உங்கடை தம்பியிட்டை வந்து முறைப்படி கதைக்கிறன்."

"என்னயக் கேட்டீங்களே, அது போதுங்க. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதை எழுதும்படி சொன்னவரே மாமாதான். கைம்பெண், வளர்ந்த பிள்ளைகள் இருவர், ஊரும் சாதிசனமும் வேறான மாப்பிள்ளை. அந்த நாளில் எந்தத் தம்பிதான் சிரித்துக்கொண்டு சம்மதித்திருப்பார்? "நாப்பது வயசுல ஒனக்கு இது என்னாக்கா ஆச? ஊரு என்னா பேசும்?" என்று கேட்டார். அம்மா கோபப்படவில்லை. "ஊரு எப்பவும் பேசும்டா. என்கூட இருந்து பேச எனக்கு ஒரு ஆளு வேணும்" என்றார்.

பதிவுக் கலியாணத்துக்கு நானாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சாட்சியாக வந்தார்கள். மாமா வரவில்லை. இரண்டு வீட்டு வளவுக்கும் நடுவே வேலி அடைத்தார். அம்மாவோடு இரண்டொரு வார்த்தை பேசுவார், ஆனால் அம்மாவின் கணவர் அவருக்கு 'லவுட்ஸ்பீக்கர்காரர்' மட்டுமே. நானும் தம்பியும் அவரை 'ஐயா' என்று கூப்பிடத் தொடங்கினோம். யாரும் சொல்லித் தரவில்லை, வாயில் அப்படி வந்தது. ஐயா எங்களோடு தர்மபுரத்திலேயே தங்கிவிட்டார். பகலில் தோட்டம், விசேஷ நாட்களில் லவுட்ஸ்பீக்கர் என்று இரண்டையும் அம்மாவும் அவரும் சேர்ந்தே பார்த்தார்கள். எந்தத் தட்டை எப்போது போடுவது என்பது மட்டும் அம்மாவின் அதிகாரம்.

பிறகு மாமாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. நாடு கலங்கத் தொடங்கிவிட்ட காலம். மாமா வடக்கிலிருந்து மேளக்காரரைப் பேசியிருந்தார். ஐயாவைக் கூப்பிடவில்லை. அன்று காலை பாதை மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. மேளக்காரர் வந்து சேரவில்லை. அயலூரில் சாவு விழுந்த கிழமை என்பதால் சினிமாப் பாட்டும் போட முடியாது. முகூர்த்தம் நெருங்க நெருங்க மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "ஒரு சத்தமும் இல்லாமல் தாலி கட்டுறதோ? இது செத்த வீடோ?" மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

அம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து எங்கள் வளவுக்கு வந்தார். "கித்தார எடுத்துக்கிட்டு வாங்க."

ஐயா கேட்டார், "அவர் என்னைக் கூப்பிட்டவரோ?"

"கூப்பிடல. நான் கூப்பிடுறேன்."

ஐயா சட்டை மாற்றிக்கொண்டு, கிற்றாரும் பற்றரி ஸ்பீக்கருமாக வந்து பந்தலின் ஓரத்தில் நின்றார். பூசாரி தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். ஐயாவின் விரல் நரம்பின்மேல் இருந்தது, ஆனால் அசையவில்லை. வீட்டுக்காரரின் வார்த்தை இல்லாமல் அவர் தொடங்கமாட்டார். அவர் மாமாவைப் பார்த்தார். பந்தல் முழுவதும் மாமாவைப் பார்த்தது. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

மாமாவின் குரல் உடைந்து வந்தது. "என்னா மச்சான் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அடிங்க மச்சான்!"

ஐயா 'அலை'யை எடுத்தார். டிகிடி டிகிடி என்று அது உருண்டு ஏறியது. மேளக்காரர் நால்வர் சேர்ந்து அடித்தாலும் அந்த வேகம் வராது. அட்சதை பறந்தது, குலவைச் சத்தம் கேட்டது, மூன்று முடிச்சும் விழுந்தது. அம்மா அழுதுகொண்டே அரிசி எறிந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா என்னருகே குனிந்து, "பிள்ளை, இது எந்த ஊர் மேளம்?" என்று கேட்டார். "அம்மாவின்ரை ஊர் மேளம்" என்றேன்.

மறுகிழமை மாமாவே நின்று வேலியைப் பிரித்தார். தடிகளை அம்மாவின் அடுப்புக்குக் கொண்டுவந்து போட்டார்.

அதற்குப் பின் வந்த வருடங்களில் நாங்கள் இரண்டு தடவை வீட்டைவிட்டு எழும்பி ஓடினோம். போகும்போது இசைத்தட்டுகளை நானாவின் மில்லில் வைத்துவிட்டுப் போனோம், திரும்பி வந்தபோது துணியில் சுற்றியபடியே இருந்தன. மிளகாய் விளைந்த வருடமும் உண்டு, காய்ந்த வருடமும் உண்டு. அம்மா இரண்டையும் ஒரே முகத்தோடு ஏற்றார். என் திருமணத்தையும் தம்பி கிளிநொச்சியில் வேலைக்குச் சேர்ந்ததையும் கண்டார். பசி என்று வந்தவரைப் பெயர் கேட்டபிறகு உட்கார வைத்த நாள் கிடையாது, சாப்பிட்டு முடிந்த பிறகுதான் பெயர் கேட்பார்.

சென்ற ஆண்டு அம்மாவின் இதயம் பலவீனப்பட்டது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். கடைசிக் காலையில் ஐயா கட்டிலின் கால்மாட்டில் இருந்து கிற்றாருக்குப் புது நரம்பு போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தோம். ஐயா நரம்பைத் தட்டிப் பார்த்தபோது, "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்றார். ஐயா இறுக்கினார். "ம்" என்றார் அம்மா. சற்று நேரத்தில் மூச்சு அமைதியாக அடங்கியது.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்கள் பலர். அம்மாவைப் பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், நெருக்கடியான பாதையில் வாகனம் ஓட்டிவந்த தர்மபுரத்து இளைஞர்களுக்கும், பாடையை அம்மாவின் தம்பியாக முன்னால் தூக்கிய மாமாவுக்கும், இறுதிக் கிரியைகளைச் செய்வித்த பூசாரியாருக்கும், தண்ணீரூற்றிலிருந்து அரிசி மூட்டையோடு வந்து எட்டாம் நாள்வரை எங்களோடு நின்ற நானா குடும்பத்துக்கும், எங்கள் கிணறு ஊறாத காலத்திலும் எங்கள் அழுகை ஓயாத காலத்திலும் படலையைத் திறந்து வைத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், தூரம் பாராமல் வந்து துக்கம் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நானும் தம்பியும் கைகூப்புகிறோம்.

இன்று மதியம் எல்லோரும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். பந்தியில் ஐயா பரிமாறுவார். அவர் அதிகம் கதைக்கமாட்டார். நீங்கள் அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டே உங்கள் இலையில் இன்னொரு கரண்டி சோறு போடுவார். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.